பாலுக்குக் கூப்பிடும் சத்தம்

ஒரு கையால் சுவரிலிருந்த அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே, இன்னொரு கையால் கணவனின் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை.

ஆறடி ஆள். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டின் கதவை வெறுங்கையால் பிளந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் கிண்டலடித்தபடியே வெளியே இழுத்துப் போடுகிறவன். இப்போது ஆஸ்பத்திரி கவுன் முதுகுப்பக்கம் திறந்து கிடக்க, கையும் காலும் தரையில் ஊன்றி, சுவரின் அடியில் இருந்த காற்றுப்போக்கியின் இரும்பு வலைமேல் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தான். கையில் குத்தியிருந்த ட்ரிப் குழாய் அறுந்துவிடுவதுபோல் விறைத்து நின்றது. அடிவயிற்றுக் கட்டுத்துணியில் ரத்தம் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

"என்னங்க... எழுந்திருங்க. தையல் பிரிஞ்சிடும்."

அவன் வாய் மட்டும் அசைந்தது. இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது.

பால் குடிக்கிற வாய்.

அவன் உதடு கிழிந்துவிடப் போகிறதே என்று, முகத்துக்கும் வலைக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தாள். அதுதான் தாமதம். வார்டு விதிப்படி ரப்பர் உறை போட்டிருந்த அந்தக் கையை அவன் வாயால் கவ்விக்கொண்டான். கண்ணை மூடி, சூடாக, சுகமாகச் சப்பினான். அவள் கையை உருவப் பார்த்தபோது கடித்தான்.

ரப்பர் உறை கிழிந்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. இரும்பு வலைக்குப் பின்னால், குழாயின் இருட்டுக்குள்ளிருந்து.

ம்ர்ம்... ம்ர்ம்... ம்ர்ம்...

அவசரமே இல்லாத சத்தம். கூடவே ஒரு வாசனை. ஈர வைக்கோல். அதன்மேல் வெதுவெதுப்பாகப் பால்.

இரட்டைக் கதவுகளைத் தாண்டி நர்ஸ் ஓடி வருவதற்குள் எல்லாம் நின்றிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவியின் கையைப் பார்த்து மலங்க மலங்க விழித்தான்.

"யாரு கடிச்சது?" என்று கேட்டான்.

---

அந்த அறைக்கு அவன் வந்த கதை ஊருக்கே தெரியும். பேப்பரில் போட்டோ வந்திருந்தது.

இரண்டு சிறுநீரகமும் பழுது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஊசி குத்திக் குத்திக் கழுத்து, தொடை, கை என்று எல்லா இடத்திலும் நரம்புகள் அடைத்துக்கொண்டன. இனி ஊசி குத்த இடமில்லை என்று ஆனபோது, சொந்தபந்தம் எல்லோரும் வரிசையாகச் சோதனைக்கு வந்தார்கள். அவனுடைய அக்காவுக்குச் சர்க்கரை. சித்தப்பா மகனுக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. இன்னொருவன் சோதனைத் தேதி அன்றைக்கு மட்டும் வெளியூர் போய்விட்டான்.

மனைவிக்கு எல்லாச் சோதனையும் நடந்தது. கடைசியில் பெரிய டாக்டர் குடும்பத்தைக் கூட்டி உட்காரவைத்து ஒரே வரியில் சொன்னார்.

"இவங்க கொடுக்கறதுக்கு வழியில்லை."

ஏன் என்று அக்கா கேட்டாள். டாக்டர் மறுத்துத் தலையாட்டினார். கொடுக்க வந்தவரின் உடம்பு விவரத்தை வேறு யாருக்கும், கணவனுக்குக்கூட, சொல்வதில்லை. அந்தப் பிரிவில் காலகாலமாக அதுதான் வழக்கம். "அது அவங்களுக்கும் எனக்கும் நடுவுல" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்து வார்டே கலங்கிப்போனது. அழுகையில் பொய் இல்லை. அக்காதான் அவளைக் கட்டிக்கொண்டு தேற்றினாள்.

"நீ என்னம்மா பண்ணுவே? உன் உடம்பு இடம் கொடுக்கலை. உன்னை யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் பார்த்துக்கறேன்."

"என்னால முடியலையே அண்ணி" என்றாள் அவள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

மிச்சமிருந்த ஒரே வழி, ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பண்ணை. வடிகட்டிய காற்றில், கொதிக்கவைத்த தண்ணீரில், மனிதனுக்கு உறுப்பு கொடுப்பதற்காகவே வளர்க்கப்படும் பன்றிகள். குட்டிகள் தாயின் மூச்சுக்காற்றுகூடப் படாமல் வளரவேண்டும். தாயிடம் இருக்கும் கிருமி குட்டிக்குப் போய்விடக்கூடாது. அதனால் பிரசவ நாளுக்கு முன்பே தாயின் வயிற்றைக் கீறிக் குட்டிகளை வெளியே எடுத்து, புட்டிப்பாலில் வளர்ப்பார்கள்.

அப்படி வளர்ந்த ஒன்றின் சிறுநீரகம் அவனுக்குள் போனது. தையல் போட்டு முடிப்பதற்குள்ளேயே நீர் பிரிந்ததாம். ஆபரேஷன் தியேட்டரில் கைதட்டினார்களாம்.

மயக்கம் தெளிந்ததும் அவன் மனைவியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "இத்தனை வருஷமா என்னைப் பன்னின்னு திட்டினியே, இப்பத் திட்டு பார்க்கலாம். அது இனிமே திட்டு இல்லை, அட்ரஸ்."

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடங்கவே மாட்டியா நீ? வாய் மட்டும் இல்லேன்னா உன்னை எப்பவோ தூக்கிட்டுப் போயிருப்பாங்க தம்பி."

மனைவியும் சிரித்தாள். அவளுக்குத்தான் எல்லோரையும்விட நிம்மதி. செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முடியாது என்பதைக் கோபம் வராதபடி சொல்லவேண்டும். அதில் ஆபீஸிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. பரிசுகூட வாங்கியிருக்கிறாள்.

நிம்மதி கொஞ்ச நாள்தான் நீடித்தது. பிறகு காய்ச்சல் வந்தது. நீர் குறைந்தது. வயிறு உப்பியது.

பிறகு அவன் தூக்கத்தில் முனகத் தொடங்கினான். ம்ர்ம்... ம்ர்ம்... அக்கா அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அம்மாவை நினைச்சுக்கறான் போலிருக்கு. கேளு. கூப்பிடற மாதிரியே இருக்கு."

கூப்பிடுவது அவனில்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

---

கடித்த மறுநாள் பண்ணையின் கால்நடை டாக்டர் வந்தார். கட்டைகுட்டையான மனிதர். பழக்கதோஷத்தில் மனிதர்களையும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெரிய டாக்டர், அக்கா, மனைவி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

ஒலிபெருக்கி வழியாக அவன் முனகல் கேட்டது.

பண்ணை டாக்டரின் முகம் மாறியது. ஒலிபெருக்கிக்கு அருகில் போய்க் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் மெல்லப் பின்வாங்கினார்.

"இந்தச் சத்தம் இவருக்கு எப்படித் தெரியும்?"

"காய்ச்சல்ல உளர்றார்" என்றார் பெரிய டாக்டர்.

"இல்லை சார். இது தாய்ப்பன்னி பாலுக்குக் கூப்பிடற சத்தம். முதல்ல இப்படித்தான், மெதுவா. குட்டிங்க எல்லாம் மடிக்கு வந்து சேர்ற வரைக்கும் பொறுமையாக் கூப்பிடும். வந்து வாய் வச்சதும் வேகம் பிடிக்கும். மூச்சு வாங்கற மாதிரி, விடாம. அப்பத்தான் பால் இறங்கும்."

"வரலேன்னா?" என்றாள் மனைவி. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்மா. நிறுத்தாது."

பெரிய டாக்டர் பொறுமையிழந்தார். "சத்தம் கிடக்கட்டும். ரத்தத்துல பன்னியோட வைரஸ் வந்திருக்கு. கொஞ்சநஞ்சம் இல்லை. உங்க குட்டி சுத்தம்னு சொல்லித்தானே அனுப்பினீங்க?"

பண்ணை டாக்டர் கண்ணாடிக்கு உள்ளே இருந்தவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூக்குல குச்சி விட்டுத் துடைச்சுப் பார்த்தோம் சார். ஒவ்வொரு தடவையும் சுத்தம்தான். ஆனா..."

"ஆனா?"

"அந்த ஒரு குட்டி மட்டும் நாங்க கீறி எடுத்தது இல்லை. ஆபரேஷனுக்கு ஆளுங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள தானாவே பிறந்துடுச்சு. நாங்க உள்ள போறப்ப தாய் அதை நக்கிச் சுத்தம் பண்ணி மடியில விட்டிருந்தது. குடிச்சுக்கிட்டிருந்தது. தூக்கி எறிஞ்சிருக்கணும். விதி அதுதான். ஆனா அந்த ஈத்துல அதுதான் வாட்டசாட்டமா இருந்தது சார். ரெண்டு வாய் பால்தானே, சோதனையில தெரிஞ்சா அப்பப் பார்த்துக்கலாம்னு..."

"மூக்குல எப்படித் தெரியும்?" பெரிய டாக்டரின் குரல் ரொம்பத் தணிந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். "உள்ள போய்ப் படுத்துத் தூங்கற வைரஸ் அது. மூக்குல ஏன் நிக்கும்? ரத்தத்துல அதோட தடம் இருக்கான்னு தேடியிருக்கணும். சிறுநீரகத்துக்குள்ள தூங்கிக்கிட்டு வந்திருக்கு. இங்க நாங்க என்ன பண்றோம்? வச்ச உறுப்பை உடம்பு விரட்டக்கூடாதுன்னு, உடம்போட காவலை மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறோம். காவல்காரன் தூங்கினா திருடன் முழிச்சுக்குவான். முழிச்சுக்கிட்டான்."

"அந்தத் தாய் எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அன்னைக்கே கொன்னுட்டோம்மா. குட்டியைப் பிடுங்கறப்பக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது. ஊசி போட்டப்பவும். ஊசி போட்ட பிறகும் கொஞ்ச நேரம்..."

கண்ணாடிக்கு உள்ளே அவன் புரண்டு இவர்கள் பக்கம் திரும்பினான். கண் திறந்திருந்தது. உதடு மூடியிருந்தது. அசையவே இல்லை.

ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ம்ர்ம்... ம்ர்ம்...

---

அந்தச் சிறுநீரகத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று பெரிய டாக்டர் வராந்தாவில் சொன்னார். எடுத்தால் மறுபடி ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். ஊசி குத்த மிஞ்சியிருப்பது இடுப்புக்குக் கீழே ஒரே ஒரு நரம்பு. அது எத்தனை நாள் தாங்கும் என்று அவரால் சொல்லமுடியவில்லை.

"அதுக்குள்ள மனுஷச் சிறுநீரகம் ஒண்ணு கிடைச்சா பிழைச்சுக்குவார்."

"எங்க போறது டாக்டர்? எல்லாரையும் பார்த்தாச்சே" என்றாள் அக்கா.

பெரிய டாக்டர் மனைவியைப் பார்த்தார். "உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை பேசணும்மா."

அவள் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எதுவானாலும் அண்ணி முன்னாடியே சொல்லுங்க டாக்டர். எங்களுக்குள்ள ஒளிவுமறைவு கிடையாது."

டாக்டர் நின்றார். கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லை. தைரியமா இருங்க."

போய்விட்டார்.

அன்று மதியமே எடுத்தார்கள். எஃகுத் தட்டில் அது கறுத்து, வீங்கி, இருக்கவேண்டிய அளவைவிடப் பெருத்துக் கிடந்ததாம். மூடி போட்டு எடுத்துப் போகும்போது மூடி மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது என்று வார்டு ஆயா ஒருத்தி சொன்னாள். அவளை யாரும் நம்பவில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

அவனுக்குக் காய்ச்சல் விட்டது. முனகல் நின்றது. கொஞ்சம் பேசினான். அந்தக் கடைசி நரம்பும் அடைத்துக்கொண்ட பிறகு, உடம்பெல்லாம் உப்பி, மூச்சில் மூத்திர வாடை அடிக்க, மனைவியை அருகில் கூப்பிட்டான்.

"எனக்குச் சத்தம் நின்னு போச்சு."

"நல்லதுதானே. தூங்குங்க."

"உனக்குக் கேக்குதா?"

"என்ன கேக்குது?"

அவன் மிஞ்சியிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தலையைத் தூக்கி, கட்டிலோரம் நின்றிருந்த அவளுடைய இடுப்பின்மேல் காதை வைத்தான். இடதுபக்கம். கண்ணை மூடிக் கேட்டான். குழந்தைபோல் முகம் மலர்ந்தது.

"அம்மா இங்கதான் இருக்கா" என்றான்.

அதுதான் அவன் கடைசிப் பேச்சு. தலையைத் தலையணைக்கு நகர்த்த அக்காவும் நர்ஸும் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது.

---

காரியங்கள் எல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அக்காதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். தன் வீட்டைப் பூட்டிவிட்டு இவள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"எனக்கு இருந்தது ஒரே தம்பி. அவன் விட்டுட்டுப் போனது உன்னை. உன்னைப் பார்த்துக்காம வேற யாரைப் பார்க்கப்போறேன்?"

ஆபீஸில் அதே நாற்காலி, அதே ஹெட்செட். மரியாதையாக, மென்மையாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காலை வேளையில், பில் தகராறுக்குக் கூப்பிட்ட பெரியவர் ஒருவர் பேச்சின் நடுவே நிறுத்தினார்.

"ஏம்மா, நீ ஆபீஸ்லதானே உட்கார்ந்திருக்கே?"

"ஆமாம் சார். சொல்லுங்க சார்."

"பக்கத்துல ஏதாவது பன்னி கின்னி வளர்க்கறாங்களா?"

அவள் சிரித்தாள். சிரிப்பது அவள் வேலை. "லைன்ல ஏதோ கோளாறு சார்."

"லைன் நல்லாத்தான் இருக்கு. நான் சின்ன வயசுல பண்ணையில வேலை பார்த்தவன்மா. ஈன்ற பன்னி ஒண்ணு பாலுக்குக் கூப்பிடுது. குட்டி வரலை போலிருக்கு. யாராவது போய் என்னன்னு பாருங்க, பாவம்."

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

ஹெட்செட்டைக் கழற்றினாள். சத்தம் காதில் இல்லை.

மேசைக்கு அடியிலும் இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையை மெல்ல இடது விலாவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

உள்ளங்கையில் அதிர்ந்தது. அவன் கடித்த அதே இடத்தில்.

ம்ர்ம்... ம்ர்ம்...

பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். "யாரு பாலைக் கொட்டினது?"

---

பன்றி உறுப்பு வைத்தவரின் வீட்டாரை ஆயுள் முழுக்கக் கண்காணிப்பது அந்த ஆஸ்பத்திரியின் நடைமுறை. அவ்வப்போது ரத்தம் கொடுக்கவேண்டும். இந்த முறை ரத்தம் கொடுத்த அன்றே ஸ்கேனுக்கும் கூப்பிட்டார்கள். அக்கா கூட வந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்பதால், அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பயப்படாதே. ஒண்ணும் இருக்காது. நான் இங்கதான் இருக்கேன்."

இருட்டிய சின்ன அறை. குளிர்ந்த பசையை வயிற்றில் தடவி, கருவியை வைத்து அழுத்தி நகர்த்திக்கொண்டிருந்த பெண் திடீரென்று கையை எடுத்தாள். கருவியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். போன வேகத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

பெரிய டாக்டர் வந்தார். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தார். தானே கருவியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கெங்க பரவியிருக்கு டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"எங்கேயும் பரவலைம்மா. அதுதான் எனக்குப் புரியலை. வைரஸ்னா உடம்பு முழுக்க இருக்கணும். இது வேற எதையும் தொடலை. ஈரல் நல்லா இருக்கு. வலது பக்கச் சிறுநீரகம் கண்ணாடி மாதிரி இருக்கு. இடதுபக்கம் மட்டும்..."

திரையில் அது கறுத்து, பெருத்து, மெல்ல விம்மிக்கொண்டிருந்தது.

"இடதுபக்கம் மட்டும் ஏன்?"

அவர் கருவியைக் கீழே வைத்தார். அறையில் வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அவளிடம் மட்டுமே பேசலாம் என்ற வழக்கப்படி, தணிந்த குரலில் பேசினார். வாசலில் கைப்பையோடு வந்து நின்ற நிழலை அவர் பார்க்கவில்லை. படுத்திருந்த அவள் பார்த்தாள். வேண்டாம் என்று கையைத் தூக்கினாள்.

அவளுக்குள்ளே அந்தச் சத்தம் வேகம் பிடித்தது. மூச்சு வாங்குவதுபோல், விடாமல்.

"எனக்கு எப்படித் தெரியும்மா?" என்றார் டாக்டர். "அன்னைக்கு உங்க சோதனை முடிவு வந்ததும், எடுக்கலாம்னு நான் குறிச்சு வச்சிருந்தது இந்த இடதுபக்கம்தான். கூடப்பிறந்தவங்களுக்குக்கூட அவ்வளவு கச்சிதமாப் பொருந்தாது. நீங்கதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பொருந்தலைன்னு சொல்லிடுங்க டாக்டர்னு அழுதீங்க."